ஐந்து பெண்களும் ஒரு பங்காளியும்

திரிகூடத்து ரசனை – 12

சென்ற வாரம் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அதை விட்டு லேசில் இறங்க மாட்டார்கள். கதை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கவிஞன் எந்த இடத்தில் நின்றான், எந்த இடத்தில் தயங்கினான், ஏன் தயங்கினான் என்பதுதான் பேச்சு. ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்தது அருவிக் குளியலுக்காக மட்டுமில்லை, இந்தப் பேச்சுக்காகவும்தான்.

அதே கண்ணோடு ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பார்வையைத் தாங்கும் சத்து தொடரில் இருக்க வேண்டும். அப்படித் தாங்கும் தொடர் ஒன்று எனக்குத் தெரியும். 1995 செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடிய, வாரம் ஒன்றாக பி.பி.சி. ஒளிபரப்பிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. ஜேன் ஆஸ்டினின் 1813-ஆம் ஆண்டு நாவலுக்கு ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை எழுதினார், சைமன் லாங்டன் இயக்கினார். மொத்தம் ஆறே பகுதிகள்.

இதைக் காதல் கதை என்றுதான் உலகம் கொண்டாடுகிறது. நாயகன் டார்சியாக நடித்த காலின் ஃபர்த் நனைந்த சட்டையோடு குளத்திலிருந்து வரும் காட்சி நாவலில் இல்லாதது, தொடருக்காகச் சேர்த்தது. அதைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் போதும். எனக்கு இது ஒரு வீட்டின் கதை. கூரை கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தும், அதே கூரையின் கீழ் தினமும் சாப்பிட்டுச் சிரித்துச் சண்டையிடும் ஏழு பேரின் கதை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம். லாங்போர்ன் என்ற கிராமத்தில் பென்னெட் குடும்பம். அப்பா, அம்மா, ஐந்து பெண்கள்: ஜேன், எலிசபெத், மேரி, கிட்டி, லிடியா. நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது, குறைவில்லாத வருமானம். ஆனால் அந்தச் சொத்து ஆண் வாரிசுக்கு மட்டும் என்று எழுதிக் கட்டப்பட்டது. பென்னெட் கண்ணை மூடினால் மறுநாளே வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்துப் பங்காளிக்குப் போய்விடும். பெண்களும் தாயும் வெளியேற வேண்டியதுதான்.

வெள்ளைக்காரச் சட்டம் என்று நாம் இதைத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பாகம் பிரியாத குடும்பத்தில் ஆண்பிள்ளை இல்லாத அண்ணன் இறந்தால், அவன் பங்கு தம்பிக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் போவதுதான் இங்கேயும் முறையாக இருந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை விதவைக்கு அந்தப் பங்கில் உரிமை கிடையாது. சோறும் துணியும் கொடுத்தால் போதும். மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல். பங்காளி வந்து வாசலில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நம் ஆச்சிகளைக் கேட்டால் தெரியும்.

தொடரில் காலின்ஸ் வந்து இறங்கும் இடத்தை அந்த நினைப்போடு பாருங்கள். டேவிட் பாம்பர் நடித்திருக்கிறார். வணக்கம், குழைவு, நீளமான பேச்சு என்று எல்லாம் இருக்கிறது. பேசிக்கொண்டே சாப்பாட்டு மேஜையையும் சுவரையும் ஜன்னலையும் அவர் கண் அளந்துகொண்டு போகிறது. யாருடைய பொருளைப் பாராட்டுகிறார்? நாளைக்குத் தன்னுடையதாகப் போவதை. அம்மாக்காரி அதைப் பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்கு விளக்கமாக ஒரு வசனமும் வைக்கவில்லை. டி.கே.சி. இருந்திருந்தால் இந்த இடத்தில் தொடரை நிறுத்தி, திரும்பப் போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த ஆனிச் சாரலில் வெளியூர்ச் சொந்தங்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது பேரருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பட்டாசலில் எல்லாரும் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்தோம். என் பெரியம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுநடுவே மதினி ஒரு வரி, நான் ஒரு வரி என்று சொல்லிக்கொண்டு வந்தோம். மூன்றாவது பகுதிக்குப் பிறகு எங்களைச் சொல்லவே விடவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

அம்மாக்காரி பென்னெட்டம்மாளாக நடித்தவர் அலிசன் ஸ்டெட்மன். கீச்சென்ற குரல், ஓயாத புலம்பல், எதற்கெடுத்தாலும் படபடப்பு. அவர் அளவுக்கு மீறிக் கத்துகிறார் என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. மதினிக்கும் அதே எண்ணம்.

"என்னா கத்து கத்துதா! காது வலிக்கி."

பெரியம்மை விடவில்லை. "அஞ்சு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கா. வீடும் பங்காளிக்குன்னு ஆயிப்போச்சு. புருசன் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயி உக்காந்துக்கிடுதான். அவ கத்தாம வேற யாரு கத்துவா?"

என் கட்சியும் அதுதான். அந்த வீட்டில் கணக்குப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கணக்கு கேட்க அசிங்கமாக இருக்கலாம். பொய்யான கணக்கு இல்லை. நாவலில் காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும்போது, தாய் இறந்தபின் அவளுக்குக் கிடைக்கப் போவது 4 சதவீத வட்டியில் போட்ட 1,000 பவுண்டு மட்டும்தான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வான். ஆண்டுக்கு 40 பவுண்டு. டார்சியின் வருமானம் ஆண்டுக்கு 10,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் முழுக் கதையும் நடக்கிறது. எலிசபெத் காலின்ஸையும் மறுக்கிறாள், முதல் முறை கேட்கும் டார்சியையும் மறுக்கிறாள். 40 பவுண்டு கையில் இருக்கும் பெண் 10,000 பவுண்டை வேண்டாம் என்கிறாள். இந்தக் கணக்கு தெரியாமல் பார்த்தால் அந்த மறுப்பு வெறும் ரோஷமாகத் தெரியும். கணக்கு தெரிந்து பார்த்தால் எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் ஈலியின் முகத்தில் அப்போது ஓடும் நடுக்கத்துக்கும் பிடிவாதத்துக்கும் எடை கூடுகிறது.

அப்பாவை எல்லாருக்கும் பிடிக்கும். பெஞ்சமின் விட்ரோ நடித்த பென்னெட் அறிவாளி, நகைச்சுவைக்காரர், எலிசபெத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். எனக்கும் அவரைப் பிடிக்கும், ஆனாலும் அந்த வீட்டின் பெரிய குற்றவாளி அவர்தான். மகன் பிறப்பான், அவன் வயது வந்ததும் இருவரும் சேர்ந்து இந்தக் கட்டை உடைத்துவிடலாம் என்று நம்பிக் காசு சேர்க்காமலே இருந்துவிட்டார். மகன் பிறக்கவில்லை. இனி சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று மனைவியைக் கேலி செய்து காலத்தை ஓட்டுகிறார். கடைசிப் பெண் லிடியா, பதினாறே வயதில், விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போகிறாள். தேடி அலைந்துவிட்டு லண்டனிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருகிறாரே, அங்கே விட்ரோவின் தோளைப் பாருங்கள். முந்தைய நான்கு பகுதிகளிலும் நம்மைச் சிரிக்க வைத்த அதே மனிதர். முகத்தில் பழைய சிரிப்பின் சுவடு அப்படியே இருக்கிறது, அதற்கு வேலைதான் இல்லை. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்கிறார். அது சீக்கிரம் மறந்துவிடும் என்றும் அவருக்கே தெரிகிறது.

இந்தத் தொடரில் என்னை அதிகம் தொந்தரவு செய்தவள் சார்லட். எலிசபெத்தின் தோழி, வயது 27, அழகி என்று யாரும் சொன்னதில்லை, சொந்தப் பணமும் இல்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை அவள் கட்டிக்கொள்கிறாள். லூசி ஸ்காட் என்ற நடிகை இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார். அவருக்கு விழுந்த வெளிச்சம் குறைவு. கல்யாணத்துக்குப் பின் எலிசபெத் விருந்துக்கு வருகிறாள். சார்லட் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறாள். தோட்ட வேலை கணவரின் உடம்புக்கு நல்லது, அதனால் அதிக நேரம் தோட்டத்திலேயே இருக்கும்படி சொல்லியிருக்கிறேன் என்கிறாள். குரலில் குறை இல்லை, வருத்தம் இல்லை. கண் மட்டும் எலிசபெத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிறது. புருஷன் கண்ணில் படாமல் ஒரு நாளை எப்படிக் கடத்துவது என்று ஏற்பாடு செய்துகொண்ட பெண்ணை நம் ஊரில் எத்தனை வீட்டு அடுக்களையில் பார்த்திருக்கிறோம்! பட்டாசலில் அப்போது யாரும் பேசவில்லை.

இன்னொரு காட்சி. டார்சியின் பெம்பர்லி மாளிகையில் இரவு, அவர் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கிறாள்.  டார்சியின் நண்பரின் சகோதரி, பொறாமை பிடித்த மிஸ் பிங்லி, விக்கமின் பெயரை இழுக்கிறாள். ஒரு காலத்தில் அவன் பேச்சில் மயங்கி வீட்டை விட்டுக் கிளம்பப் பார்த்தவள் ஜார்ஜியானா. அவள் விரல் தடுமாறுகிறது. எலிசபெத் சட்டென்று பியானோ அருகே போய், தாளைத் திருப்ப ஆளில்லாமல் விட்டது தன் தப்பு என்பதுபோல் குனிந்து நிலைமையை மூடிவிடுகிறாள். வாசிப்பு தொடர்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் டார்சி அவளைப் பார்க்கிறார், அவளும் பார்க்கிறாள். என் குடும்பத்தின் மானத்தை நீ காத்தாய் என்ற நன்றி ஒரு பக்கம், காப்பது என் கடமை என்பதுபோன்ற பார்வை மறுபக்கம். காதல் என்று சொன்னாலும் இது குடும்பத்தின் வழியாக வந்த காதல். குளத்தில் குளித்த காட்சியைவிட இந்தப் பியானோக் காட்சி நூறு மடங்கு உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இதையெல்லாம் வீடு தாங்கி நிற்கிறது. லாங்போர்னுக்காக வில்ட்ஷயரில் லக்கிங்டன் கோர்ட் என்ற பழைய வீட்டைப் பிடித்தார்கள். லேகாக் என்ற கிராமத்துத் தெரு மெரிட்டன் கடைத்தெருவானது. பெம்பர்லியின் வெளிப்புறம் செஷயரின் லைம் பார்க். உள்ளே காட்டியது டெர்பிஷயரின் சட்பரி ஹால். லாங்போர்ன் வீட்டில் மாடிப்படியில் பேசினால் கூடத்தில் கேட்கும், கூடத்தில் அழுதால் புத்தக அறைக்குக் கேட்கும். ரகசியத்துக்கு இடமில்லாத வீடு. திருநெல்வேலிச் சீமையின் பழைய வீட்டில் தார்சாவில் மாப்பிள்ளை வீட்டார் பேசுவதைப் பட்டாசல் கதவுக்குப் பின்னால் நின்று பெண்கள் கேட்டது இதேபோலத்தான். இயக்குநர் லாங்டன் சில இடங்களில் கேமராவைப் பேசுகிறவரிடம் வைக்காமல் கேட்கிறவரிடம் வைக்கிறார். குடும்பக் கதை எடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஐந்து பெண்கள் என்றதும் உங்களுக்கு 'மெட்டி ஒலி' நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. திருமுருகன் இயக்கத்தில் 2002-லிருந்து 2005 வரை சன் டி.வி.யில் வந்த அந்தத் தொடரில், மனைவியை இழந்த சிதம்பரம் என்ற அப்பா ஐந்து பெண்களைக் கரையேற்றப் படும் பாடுதான் கதை. டெல்லி குமார் அந்த அப்பாவாகவே வாழ்ந்தார். அந்த நேரத்தில் தென்காசித் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு அதே பாட்டுதான் கேட்கும். பென்னெட் செய்யாமல் விட்டதையெல்லாம் சிதம்பரம் செய்தார். சீர், நகை, சம்பந்தி வீட்டுச் சொல், மகள் மாமியாரிடம் படும் பாடு என்று பணக் கணக்கை அது மறைக்கவே இல்லை. அதனால்தான் அதை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் 800-க்கும் மேற்பட்ட பகுதிகள் போனது. அவ்வளவு நீளத்தில் எந்தக் கதையும் முதலில் சொன்ன துக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்ல நேரும். ஆறு பகுதியில் முடிப்பேன் என்று முதலிலேயே தீர்மானித்தவனுக்குத்தான் ஒரு பார்வைக்காக அரை நிமிடம் நிற்கும் தைரியம் வருகிறது. நாள்தோறும் ஓடும் தொடருக்கு நிமிடங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் இருக்கிறது. நிறுத்தி நிதானமாகக் காட்டுவது அங்கே குறைந்து, இழுப்பது கூடிவிடுகிறது.

ஆஸ்டினை நம்மவர்களும் தொட்டிருக்கிறார்கள். இதே நாவலை 1985-ல் தூர்தர்ஷன் 'த்ரிஷ்ணா' என்ற பெயரில் இந்தித் தொடராக்கியது. ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-ல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' நமக்குத் தெரியும், சுஜாதா வசனம். பெரிய வீட்டை இழந்து தாயும் பெண்களும் சென்னைக்கு வந்து வேலை தேடும் பகுதி அதில் உயிருள்ளது. ஆஸ்டின் நம் வீட்டுக்குள் எவ்வளவு இயல்பாக நுழைய முடியும் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது.

ஆனால் இங்கே ஆஸ்டினை மறுபடியும் தழுவச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. நம்மிடமே அதற்கு நிகரான சரக்கு இருக்கிறது. அதுவும் குற்றாலத்துக்கு மிகவும் நெருங்கிய சரக்கு.

டி.கே.சி. தலைமேல் வைத்துக் கொண்டாடிய கவிஞர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 'ஆசிய ஜோதி'க்காகவும் குழந்தைப் பாடல்களுக்காகவும் அவரை நினைக்கிறோம். அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலைப் பெயரளவில் கேள்விப்பட்டவர்களே அதிகம். திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாது, அக்காள் தங்கை பெற்ற மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளையும் கட்டிய மனைவியும் குடும்பத் தலைவரான காரணவரின் கருணையை நம்பிப் பிழைக்க வேண்டும். ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. 'தமிழன்' என்ற இதழில் தொடராக வந்தது. மாமியார் கொடுமை, மூத்த தாரங்களின் பூசல், சொத்தைக் கரைக்கும் கோர்ட்டு வழக்கு, கடைசியில் வீடு கைவிட்டுப் போவது என்று எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் சிரிப்போடு. படிக்கிறவர் சிரித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் தொண்டை அடைத்து நிற்பார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. அதற்கு மனங்களைத் தயார் செய்ததில் இந்த நூலுக்கும் பங்கு உண்டு.

குற்றாலத்திலிருந்து சில மைல் போனால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூரின் பக்கம்தான் இருந்தது. அதாவது சாரலில் குளிக்க வந்தவர் கொஞ்ச தூரம் நடந்தால் வேறொரு அரசாங்கம். அதே அரசாங்கத்தின் தென்கோடியில், நாஞ்சில் நாட்டில், சொத்தின் வழியே வேறு. இந்தப் பக்கம் மகன் இல்லாத வீட்டுப் பெண்கள் பங்காளிக்குப் பயந்தார்கள். அங்கே மகன் இருந்தும் தாய்மார் மருமகனுக்குப் பயந்தார்கள். ஆஸ்டினுக்குக் கிடைத்தது ஒரு சட்டம். நமக்கு இரண்டு கிடைத்திருக்கின்றன, நடுவில் ஒரு மலையும்.

இன்னொரு நூலும் உண்டு. திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் 1872-ல் பிறந்த அ. மாதவையா 1898-ல் வெளியிட்ட 'பத்மாவதி சரித்திரம்'. அக்கிரகாரத்து வீடுகள், ஏழைப் பையனின் படிப்பு, சிறுவயதுக் கல்யாணம், படிக்க ஆசைப்படும் பெண், அவள்மேல் கணவனுக்கு விழும் சந்தேகம் என்று ஒரு முழு உலகம் அதில் இருக்கிறது. ஆறு பகுதிக்கு அளவெடுத்தது போன்ற நாவல்.

பி.பி.சி. அந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதிக்கும் பத்து லட்சம் பவுண்டு அளவில் செலவழித்தது. நமக்கு அந்தப் பணம் வேண்டாம். உடையும் வண்டியும் பளபளக்க வேண்டும் என்பதில்லை. நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளில் மரத்தூணும் நடுமுற்றமும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அந்தந்த ஊர்ப் பேச்சு பேசத் தெரிந்த மேடை நடிகர்கள் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். வசனத்தைச் சென்னைத் தமிழாக மாற்றாமல் விட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஓ.டி.டி. வந்தபின் ஆறு பகுதி, எட்டுப் பகுதி என்று முடிப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. ஆனால் கொலையும் துப்பறிதலும்தான் அந்த வடிவத்தை அதிகம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. குடும்பத்தையும் அதில் உட்கார வையுங்கள் என்று இயக்குநர்களைக் கேட்கிறேன். மான்மியத்தின் அந்த ஐந்தாம் தாரத்துக்குச் சரியான ஒரு நடிகை கிடைத்தால் அலிசன் ஸ்டெட்மனும் லூசி ஸ்காட்டும் செய்ததை அவர் ஒருவரே செய்துவிடுவார்.

டி.கே.சி.யும் கவிமணியும் 1954-ஆம் ஆண்டு ஏழு மாத இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தார்கள். மான்மியம் சின்ன நூல், ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்த வாரம் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். அதற்குள் ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.